கருக்கன்பாளையம் சந்தையில் இடம் கொடுத்த பெட்டி

கருக்கன்பாளையத்தில் எது நடந்தாலும் புதன்கிழமைதான் நடக்கும், ஏனென்றால் மற்ற நாளெல்லாம் அந்தச் சந்தைத் திடலில் காற்றுக்கும் காக்காய்க்கும் தவிர யாருக்கும் வேலை கிடையாது. ஆகவே கம்பத்தில் மாட்டிய ஒரு பெட்டி மனுசருக்கு இடம் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்ததும் ஒரு புதன்கிழமையில்தான். அது வைகாசி மாதம், மாம்பழ வண்டிகள் வரத் தொடங்கியிருந்தன, கருவாட்டுக்காரி துளசிமணி வழக்கம்போல முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள்.

முதல் பஸ்ஸில் வருவதால் அவளுக்கு ஒரு புண்ணியமும் இருந்ததில்லை. கணவன் இறந்ததற்கு அடுத்த வருசம் அவள் கருவாட்டு வியாபாரத்துக்கு வந்தவள்; அன்றிலிருந்து நெத்திலி, வாளை, சென்னாகூனி என்று மூட்டை மூட்டையாகத் தாராபுரத்திலிருந்து ஏற்றிக்கொண்டு, கேட்டைத் திறக்கிறவனுக்கும் முன்னால் வந்து நின்று, நல்ல நிழலாகப் பார்த்துச் சாக்கை விரித்து உட்காருவாள்; வெயில் ஏறி வெங்காயக்காரர் வருவார், பாத்திரக்காரர் வருவார், மிட்டாய்க்கடைக்காரர் வருவார், வருகிற ஒவ்வொருவரும் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "கருவாடா? கடைசிக்குப் போ அம்மிணி" என்பார்கள், அவள் சாக்கைச் சுருட்டிக்கொண்டு எழுந்து எழுந்து தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் கோழிக்கடைக் கழிவு கொட்டுகிற மேட்டுக்கும் திறந்த சாக்கடைக்கும் நடுவில் போய்ச் சேருவாள். பதினோரு வருசமாக இதுதான் நடந்தது. யாரும் அவளை அடித்து விரட்டவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை, மரியாதையாகத்தான் விரட்டினார்கள்.

அந்தப் பெட்டியை வாங்கி மாட்டியவர் சந்தையைக் குத்தகைக்கு எடுத்திருந்த முத்துரத்தினம். பக்கத்து ஊர்ச் சந்தைகளில் எல்லாரும் போனிலேயே காசு வாங்குகிறார்கள், கருக்கன்பாளையத்தில் மட்டும் சிக்னல் வராமல் ஆட்கள் போனைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள் என்பது அவருக்கு மானக்கேடாகப் பட்டது. போனுக்கெல்லாம் நெட் கொடுக்கிற அந்த வைஃபைப் பெட்டியை மாட்ட ஸ்கூட்டரில் ஏணியைக் கட்டிக்கொண்டு ஹசீனா என்கிற பெண் வந்தாள். அவள் கம்பத்திலிருந்து இறங்கி வேர்வையைத் துடைத்தபோது பக்கத்தில் நின்றது துளசிமணிதான்.

"ஏனுங் கண்ணு, இத்தனை போனு வருது. எது ஆருதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று துளசிமணி கேட்டாள்.

"ஒவ்வொண்ணுக்கும் தானாவே ஒரு நம்பர் குடுத்துருமுங்க்கா," என்றாள் ஹசீனா. "போனு உள்ள வந்ததும், ஆராச்சும் இருக்கீங்களா, எனக்கொரு நம்பர் வேணும்னு சத்தம் போடும். இந்தா, இது காலியா இருக்குது, எடுத்துக்கறயான்னு பொட்டி கேக்கும். செரி எடுத்துக்கறேன்னு போனு சொல்லும். அப்ப உன்னுதுதான், இருக்கற வரைக்கும் வெச்சுக்கன்னு பொட்டி சொல்லீரும். அது போயிருச்சுன்னா அந்த நம்பரை வேற ஆருக்காவது குடுக்கும். மறுக்கா வந்தா, காலியா இருந்தா, பழசையே குடுக்கும்."

"பெரிய போனு, சின்னப் போனுன்னு பாக்காதா?"

"பாக்காதுங்க்கா. ஆரு கேட்டாலும் குடுக்கும்."

"என்ன வாசம் அடிக்குதுன்னு?"

ஹசீனா சிரித்தாள். துளசிமணியும் சிரித்துவிட்டுச் சாக்கடையோரம் போய் உட்கார்ந்தாள்.

அடுத்த புதன்கிழமை அவள் கேட்டுக்குள் கால் வைத்தபோது நாக்கில் ஒரு எண் வந்து நின்றது. காதில் கேட்கவில்லை, கண்ணில் தெரியவில்லை, வெல்லத்தைக் கரைத்த தண்ணீர்போல நாக்கில் பதினேழு என்று இனித்தது, எடுத்துக்கறயா என்று கேட்டதுபோலவும் இருந்தது. "எடுத்துக்கறேன்," என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள், அப்புறம் கால் தானாக நடந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் வாதநாராயண மரத்தடியில், கூட்டித் தண்ணீர் தெளித்ததுபோல் ஒரு பாய் அளவுக்கு மண் குளிர்ந்து கிடந்தது, அதில் ஈர விரலால் எழுதினாற்போலப் பதினேழு என்று இருந்தது. அவள் சாக்கை விரித்தாள். அவளுக்குப் பின்னால் வந்த புளிக்காரம்மாள் தன் எண் புளிப்பாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனாள், வெங்காயக்காரர் மூன்று தடவை துப்பிப் பார்த்துவிட்டு எண் போகாததால் அது காட்டிய இடத்துக்கே போனார், ஒரு வெள்ளாடு யாரையும் கேட்காமல் மிட்டாய்க்கடைக்காரரின் பழைய இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்து இழுத்தும் எழவில்லை.

தனக்கென்று காட்டாத இடத்தில் உட்கார்ந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, வாங்குகிறவர் கண்ணுக்கு அவர்கள் தெரியவில்லை, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கத்திப் பார்த்துவிட்டு அவரவர் எண்ணுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மத்தியானத்துக்குள் சந்தை அமைதியாகி விலை பேச ஆரம்பித்துவிட்டது, ஏனென்றால் தக்காளி அழுகிற சாமான், அதிசயம் அழுகாது.

எழுந்து போகாதவர் ஒரே ஒருவர்தான். அவர் வெள்ளிங்கிரி. கற்பூரம், விபூதி, சாம்பிராணி, மஞ்சள்கயிறு விற்கிறவர், ஐம்பது வயசு, மனைவி இறந்து நாளாகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. வாதநாராயண மரத்தடி அவர் தகப்பனார் காலத்திலிருந்து அவர்கள் இடம். வீடு சந்தைக்குப் பின்னாலேயே இருந்ததால் அவர் கேட்டு வழியாக வருவதே இல்லை, வேலியில் இருந்த ஒரு சந்து வழியாகச் சாம்பிராணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே மரத்தடிக்கு வந்துவிடுவார். ஆகவே கம்பத்துப் பெட்டிக்கு அவரைத் தெரியாது, அவருக்கும் பெட்டியைத் தெரியாது.

"ஏனுங்க, இது எங்க எடமுங்க," என்றார் அவர்.

"எனக்குத்தானுங்க குடுத்திருக்குது," என்றாள் துளசிமணி.

"கருவாட்டை வெச்சுக்கிட்டுச் சாமி சாமானத்துக்குப் பக்கத்துல உக்கார முடியுங்களா? கடைசியில போய் உக்காந்துக்கங்க."

துளசிமணிக்குக் கால் எழப் பார்த்தது, பழகிய கால். அவள் தொடையில் கையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். வெள்ளிங்கிரி மறுபக்கத்தில் தன் துணியை விரித்தார். ஒரே இடத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்த அந்த நிமிசமே இரண்டு பேரும் சந்தையின் கண்ணிலிருந்து மறைந்துபோனார்கள். வாடிக்கைக்காரர்கள் வெள்ளிங்கிரியின் குரலைக் கேட்டுச் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் போனார்கள்; ஒரு பெரியவர், மரத்தடி காலியாக இருக்கிறதே என்று, வெள்ளிங்கிரியின் மடியில் தன் பையை வைத்துவிட்டு நின்றபடியே ஒரு பீடியை நிதானமாகக் குடித்து முடித்தார்.

அன்று துளசிமணி ஒரு நெத்திலிகூட விற்கவில்லை. வெள்ளிங்கிரியும் ஒரு வில்லைக் கற்பூரம் விற்கவில்லை.

சாயங்காலம் ஹசீனாவைப் போனில் கூப்பிட்டுத் துளசிமணி சங்கதியைச் சொன்னாள். "கேக்காமக் கொள்ளாம ஒருத்தர் அவராவே ஒரு நம்பரைப் போட்டுக்கிட்டு உக்காந்துட்டா அப்படித்தானுங்க்கா ஆகும்," என்றாள் ஹசீனா. "ரெண்டு பேருக்குமே வேலை நடக்காது. நீங்க அந்த நம்பர் வேண்டாம்னு சொல்லுங்க, வேற குடுக்கும்."

"பதினோரு வருசமா வேண்டாம்னு வாயால சொல்லாமயே ஏந்திருச்சுப் போயிருக்கறேன் கண்ணு," என்றாள் துளசிமணி. "இது ஒண்ணுதான் என்னையக் கேட்டுக் குடுத்தது. இதை மட்டும் வேண்டாம்னு சொல்ல மாட்டேன்."

சந்தை அந்த அதிசயத்தைச் சீக்கிரமே வீட்டுச் சாமானாக்கிக்கொண்டது. கேட்டுக்குள் நுழைகிறவர்கள் நாக்கை வழித்துக்கொண்டு நுழையப் பழகினார்கள், வெற்றிலை போட்டிருந்தால் எண் தெளிவாக வருவதில்லை என்று கண்டுபிடித்தார்கள், பக்கத்து ஊர்களிலிருந்து வியாபாரம் இல்லாதவர்கள்கூடத் தங்கள் எண் என்ன ருசியாக இருக்கும் என்று பார்ப்பதற்காக வந்து, உப்பாக இருக்கிறது, ஏலக்காயாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு கொடுத்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள், ஓட்டுக் கேட்டு வந்த ஒருவரின் ஜீப்புக்கு மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது, அவர் அங்கே நின்றபடியே பேசினார், மாடுகள் கேட்டன. முத்துரத்தினத்துக்கு மட்டும் மனசு ஆறவில்லை. யாருக்கு எந்த இடம் என்று கையை நீட்டிக் காட்டுவதுதான் அவருடைய பெருமையாக இருந்தது, இப்போது அந்தக் கைக்கு வேலை இல்லை. ஒருநாள் அவரே ஏணி வைத்து ஏறிப் பெட்டியின் வயரைப் பிடுங்கினார். எண்கள் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தன. ஹசீனாவை வரவழைத்தார், அவள் ஏறிப் பார்த்துவிட்டு, "கரண்டு இல்லாமயே வேலை செய்யுதுங்கண்ணா, தொந்தரவில்லே," என்று சொல்லிவிட்டுத் தக்காளி வாங்கிக்கொண்டு போனாள்.

இத்தனையும் மரத்தடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள் துளசிமணியும் வெள்ளிங்கிரியும், யார் கண்ணுக்கும் தெரியாமல். முதல் பஸ்ஸில் வருவதால் அவளுக்கு ஒவ்வொரு வாரமும் பதினேழே கிடைத்தது, வேலிச்சந்து வழியாக வருவதால் அவரும் ஒவ்வொரு வாரமும் அங்கேயே வந்து உட்கார்ந்தார். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒரு திடல் நிறைய ஜனம் இருந்து அதில் ஒருத்தர்கூடத் தன்னைப் பார்க்கவில்லை என்றால், பார்க்கிற அந்த இன்னொரு ஆளிடம் எத்தனை நேரம் பேசாமல் இருக்க முடியும். வெயிலைப் பற்றிப் பேசினார்கள், பிறகு பஸ்ஸைப் பற்றி, பிறகு அவள் கணவனைப் பற்றி, அவர் மனைவியைப் பற்றி. அவர் மனைவி கிளிப்பச்சை நிறத்தில்தான் சேலை எடுப்பாள் என்றும், அவள் போன பிறகு அந்த நிறத்தைப் பார்த்தால் அதன் பின்னாலேயே தெரு மாறிப் போய்விடுவதாகவும் வெள்ளிங்கிரி சொன்னார். மறுவாரம் துளசிமணி தன்னிடமிருந்த கிளிப்பச்சைச் சேலையை உடுத்தலாமா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, உடுத்தாமல் வந்தாள்.

ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம் அவள் தூக்குப்போசியைத் திறந்தாள். கத்தரிக்காயும் நெத்திலியும் போட்ட குழம்பு. வெள்ளிங்கிரி வேறு பக்கம் பார்த்தார். பார்த்தவர் மூச்சை இழுத்தார்.

"சாப்படறீங்களா?" என்றாள் அவள்.

"சாமி சாமானம் விக்கறவன், கருவாடு தொடறதில்லீங்க. எங்கப்பன் செத்து இந்தக் கடைக்கு வந்ததுல இருந்து விட்டாச்சு."

"புடிக்காதுங்களா?"

அவர் திரும்பித் தூக்குப்போசியைப் பார்த்தார். "நெம்பப் புடிக்குமுங்க," என்றார்.

"ஆரு பாக்கறாங்க?" என்றாள் துளசிமணி.

உண்மையில் யாரும் பார்க்கவில்லை. அங்காளம்மன் கோயில் பூசாரி அவர் முழங்காலைத் தாண்டிப் போனார், தருமகர்த்தா அவர் தலைக்குமேல் கைநீட்டி மரத்தில் சாய்ந்தார், வெள்ளிங்கிரி கருக்கன்பாளையத்துக் கூட்டத்துக்கு நட்டநடுவே உட்கார்ந்து, தூக்குப்போசி மூடியில் சோற்றைப் பிசைந்து, மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்தபோது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது, காரம் என்று சொன்னார். துளசிமணி காரமே போடவில்லை.

வியாபாரம் இல்லாமல் எத்தனை வாரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்க முடியும். ஆனி முடிகிற புதன்கிழமையில் துளசிமணி சாக்கைச் சுருட்டும்போது சொன்னாள், "அடுத்த வாரம் ஒருக்கா வருவேனுங்க. அன்னைக்கும் போணியாகலேன்னா அப்பறம் வர மாட்டேன். நூல் மில்லுல ஆள் எடுக்கறாங்க."

"அப்ப எடம்?"

"நீங்களே வெச்சுக்கங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது. அவள் போன பிறகும் அவர் மரத்தடியிலேயே இருந்தார், அவள் இடத்தையே விட்டுக்கொடுத்துவிட்டுப் போனதால் இப்போது எல்லாருக்கும் கண்ணில் தெரிந்தார், இரண்டு பேர் வந்து, "என்ன வெள்ளிங்கிரி, எங்க போயிட்ட இத்தனை நாளா?" என்று விசாரித்துக் கற்பூரமும் வாங்கினார்கள். அவர் தலை குனிந்தபடியே கட்டிக் கொடுத்தார்.

அடுத்த புதன்கிழமை துளசிமணி முதல் பஸ்ஸில் இறங்கியபோது, கேட்டுக்கு வெளியே, சாம்பிராணிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, பொண்ணு பார்க்க வந்தவர்போல வெள்ளை வேட்டியில் வெள்ளிங்கிரி நின்றுகொண்டிருந்தார். "நீங்க முன்ன போங்க," என்றார். அவள் உள்ளே போனாள், நாக்கில் பதினேழு இனித்தது. திரும்பிப் பார்த்தாள். அவர் கேட்டில் கால் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார், உதடு அசைந்தது, என்ன கேட்டார் என்பது பெட்டிக்குத்தான் தெரியும். கண்ணைத் திறந்து, சந்தையின் மறுகோடிக்கு, கோழிக்கழிவு மேட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவில் இருந்த இடத்துக்கு, நேராக நடந்தார்.

அன்று துளசிமணியின் நெத்திலி முழுக்க விற்றது. மத்தியானம் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு அவள் சாக்கடையோரம் போனபோது, விபூதித் தட்டுகளுக்கு மேலே ஈ பறந்துகொண்டிருந்தது, அவர் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

"பதினோரு வருசம் இங்கயா உக்காந்தீங்க?"

"ஆமாங்க."

"நான் ஒரு நாளும் இந்தப் பக்கம் வந்ததில்லீங்க."

"கருவாடு வேணுங்கறவங்க வருவாங்க. நீங்கதான் விட்டுப்போட்டீங்களே," என்றாள் அவள். அவர் சிரிக்கவில்லை. துண்டை வைத்துவிட்டு, "நான்தானுங்க உங்களை மொதல்ல கடைசிக்குப் போகச் சொன்னது. நெனப்பிருக்குதுங்களா?" என்றார். அவளுக்கு நினைப்பில்லை, அப்படிச் சொன்னவர்கள் அத்தனை பேர். அதை அவரிடம் சொல்லாமல் சோற்றைப் போட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கருக்கன்பாளையத்தில் இதுவரை நடக்காதது. சாமி சாமானம் சாக்கடையோரமாகவா என்று கோயில் கமிட்டிக்காரர்கள் பேரூராட்சியில் போய் நின்றார்கள். மறுவாரம் பெட்டி வெள்ளிங்கிரிக்கு வேறு எண் கொடுத்தது, அந்த இடம் மிட்டாய்க்கடைக்காரருக்கு வந்தது, அவர் ஜிலேபியைத் துணியால் மூடிக்கொண்டு தானும் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார்; அதற்கு அடுத்த வாரம் பாத்திரக்காரருக்கு, அப்புறம் கவுன்சிலருடைய மச்சான் போட்டிருந்த துணிக்கடைக்கு, அப்புறம் ஒரு நாளும் எதையும் விற்காத முத்துரத்தினத்தின் நாற்காலிக்கே; அவர் அதில் உட்கார்ந்தபடி அன்று முழுக்க யாருக்கெல்லாமோ போன் பண்ணினார். அடுத்த வாரம் தனக்கு வந்துவிடுமோ என்று ஒவ்வொருவரும் பயந்த பயத்தில், ஆடி முடிவதற்குள் கோழிக்கழிவு அள்ள வண்டி வந்தது, லாரியில் சிமெண்டுப் பலகை வந்து இறங்கியது, சாக்கடையை மூடி, மேட்டை வெட்டி, மேலே செம்மண் கொட்டி, ஒரு புங்கங்கன்றும் நட்டுக் கூண்டு வைத்தார்கள்.

துளசிமணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. "இத்தனை வருசம் நான் அங்க உக்காந்திருந்தப்ப இந்த ஊருக்கு மூக்கே இல்லீங்க," என்றாள் பக்கத்தில் நின்ற வெள்ளிங்கிரியிடம். அவர் அவள் கையிலிருந்த கூடையை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார். பஸ் வரைக்கும் அவர் அதை இறக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஆவணியில் மலைமேல் முருகன் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் ஒறம்பரையிலும் முக்கால்வாசிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், மிச்சப் பேர் வந்தார்கள், ஹசீனா ஸ்கூட்டரில் ஏணி இல்லாமல் வந்திருந்தாள். துளசிமணி கிளிப்பச்சை உடுத்தவில்லை, கத்தரிப்பூ நிறத்தில் புதுசாக எடுத்திருந்தாள். "இனி இந்த நெறத்தைப் பாத்தாலும் தெரு மாறீருவேன்," என்றார் வெள்ளிங்கிரி.

அடுத்த புதன்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து சந்தைக்கு வந்தார்கள். அவருடைய பெட்டி அவள் தலையில், அவளுடைய மூட்டை அவர் தோளில். கேட்டுக்கு முன்னால் துளசிமணிக்குக் கால் கொஞ்சம் தயங்கியது. இரண்டு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் மறுபடி மறைந்துபோவோமே, தனித்தனியாகக் கேட்டால் ஆளுக்கொரு கோடியில் போட்டுவிடுமே என்று அவளுக்குக் கவலை. "நீயே கேளு," என்றார் வெள்ளிங்கிரி, "நான் வாயைத் தொறக்கலே." அவள் ஒருத்தியாக உள்ளே கால் வைத்துக் கேட்டாள். பெட்டி கொஞ்சம் யோசித்தது. பழைய எண்ணைக் கொடுக்கவில்லை. முன்பின் பார்க்காத யாரோ ஒரு புது ஆள் வந்திருப்பதாக எண்ணிக்கொண்டு, இதுவரை யாருக்கும் கொடுத்திராத எண்ணாக எடுத்துக் கொடுத்தது, வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நடுவில், நாக்கில் வெல்லமும் உப்பும் சேர்ந்தாற்போல ருசி.

இரண்டு பேரும் ஒரே துணியை விரித்து உட்கார்ந்தார்கள். துளசிமணி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் நன்றாகவே பார்த்தார்கள், சிலர் இரண்டு தடவை பார்த்தார்கள்.

முதலில் வந்து நின்றது அங்காளம்மன் கோயில் பூசாரி. கற்பூரத்தை எடுத்து முகர்ந்தார், திரும்ப முகர்ந்தார்.

"கருவாட்டு வாசம் வருதே வெள்ளிங்கிரி."

"வருமுங்க," என்றார் வெள்ளிங்கிரி. "எங்க ஊட்டு வாசம் அது."

பூசாரி அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கத்தரிப்பூச் சேலையையும் புது மஞ்சள்கயிற்றையும் பார்த்தார். "ஆத்தாளுக்கு அதொண்ணும் புதுசில்லே," என்று சொல்லிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கற்பூரம் கேட்டார், சாம்பிராணி கேட்டார், குரலைத் தாழ்த்தி, வாளையில் நல்ல கண்டமாகப் பார்த்து நாலு எடுக்கச் சொன்னார்.

துளசிமணி தாளை விரித்தாள். "சாமி சாமானத்தைத் தனியாக் கட்டட்டுங்களா?" என்று கேட்டாள்.

"எல்லாம் ஒரே பையிலதானே போகுது," என்றார் பூசாரி. "சேத்தே கட்டு அம்மிணி."